வலம்புரி நத்தையின் பேரப்பிள்ளைகள்

உப்பளங்களுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே ஒரு மடம் இருந்தது. அங்கே பூசை இல்லை, சொற்பொழிவும் இல்லை. ஆறாத புண்ணோடு வருகிறவர்களின் கால்களைக் காலைதோறும் கழுவிக் கட்டுவதே அங்கே நடந்த வழிபாடு.

மடத்தின் தலைவி உமையாள் அம்மை. வயது நாற்பத்தாறு, பதினாறாம் வயதில் வந்து சேர்ந்தவர். அவருடைய நாக்குக்கு ஊரே அஞ்சும். புண் முற்றிய பிறகு வருகிறவரிடம், "எலும்பு தெரியட்டும்னு காத்திருந்தீரோ?" என்று கேட்பார்.

அவருடைய சீடர் சௌந்தரவல்லி அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மேல்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் தாவரவியல் நடத்திவிட்டு, கணவர் இறந்தபின் மடத்துக்கு வந்தவர். உமையாள் அம்மை உட்பட எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

டீச்சரின் பொறுமை பேர்போனது. எவ்வளவு முரண்டு பிடிக்கிறவரிடமும் அவர் குரல் உயர்ந்ததில்லை. புன்னகை மாறாமல் கட்டுத்துணியை வெந்நீரில் தோய்த்துப் பிழிவார். பிழிந்த துணியில் ஒரு சொட்டு நீர் மிஞ்சியிராது.

மடத்தில் ஒரு முறை உண்டு. ஒருவரிடம் கற்றவர் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும். டீச்சர் கற்பித்தது காளீஸ்வரிக்கு. முப்பத்து நான்கு வயது. கணவன் கைவிட்டான், தாயும் இறந்துவிட்டாள். மடத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

தை மாதத்தில் ஒரு நாள், முனியசாமி என்ற உப்பளத் தொழிலாளி நனைந்த கட்டோடு வந்தார். கட்டுப் போட்ட காலோடு பாத்தியில் இறங்கியிருந்தார்.

காளீஸ்வரி கட்டைப் பிரித்தாள். "ஏன் அண்ணாச்சி, காலை ஊறுகாய் போடுறதா உத்தேசமா? முன்னாலேயே சொல்லியிருந்தா நான் மிளகாய்ப்பொடி தடவிக் குடுத்திருப்பேனே!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முனியசாமி சிரிக்கவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு கடிதம் எழுதினார். இருமுறை திருத்தி, பிழையின்றிப் படியெடுத்து, அம்மையிடம் கொண்டுபோனார். அம்மை பழைய வேட்டியைக் கட்டுத்துணியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், லீவ் லெட்டரா?"

"இல்லம்மா. காளீஸ்வரியை அனுப்பிடலாம்னு எழுதியிருக்கேன். உங்க கையெழுத்து வேணும்."

அம்மை படித்தார். "கையெழுத்து அழகா இருக்கு. அவ செஞ்ச குத்தம் என்ன?"

"நாக்கு."

"எனக்கும் அதே நாக்குதானே?"

டீச்சர் கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "மூணு வருஷம் பக்கத்துல நிறுத்திச் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணும் ஒட்டலை. அவங்க அம்மாவை நான் பார்த்திருக்கேன். மீன் கடையில அந்தம்மா பேசினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். விதை அப்படிம்மா."

"விதையா?"

"பட்டாணிச் செடியை வச்சு மெண்டல் சொன்ன கணக்கு. ஒரு குணத்துக்கு உள்ளே ரெண்டு பங்கு. தாய் தர்றது ஒண்ணு, தகப்பன் தர்றது ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா இருந்தா ஓங்கின குணம் வெளியில தெரியும். ஒடுங்கின குணம் மறைஞ்சுக்கும். ஒடுங்கின குணமே வெளியில தெரிஞ்சுட்டா, உள்ளே ரெண்டு பங்கும் அதுதான். வெளியில பார்த்தே உள்ளே இருக்கறதைச் சொல்லிடலாம்."

அம்மை கத்தரியை வைத்துவிட்டு எழுந்தார். மடத்துக்குப் பின்னால் இருந்த ஊருணிக்குப் போனார். வெகுநேரம் கழித்து, ஈரக் கையில் ஒரு சிறு நத்தையோடு திரும்பினார். கூரான முனை கீழே வரும்படி அதைப் பிடித்துக் காட்டினார். ஓட்டின் வாய் வலப்பக்கம் இருந்தது.

"வலம்புரி!" என்றார் டீச்சர்.

அந்தக் கடலில் சங்கு குளிப்பவர்கள் ஒரு வலம்புரிச் சங்குக்காக ஆயுள் முழுவதும் காத்திருப்பார்கள். ஊருணியில் பிறந்த இந்த வலம்புரிக்கோ விளக்கேற்ற ஆளில்லை.

"ஆயிரத்துல ஒண்ணுதான் இப்படி. மத்ததெல்லாம் இடம்புரி," என்றார் அம்மை. "இதைத் தனியா வச்சா, இதோட பிள்ளைங்க எப்படி இருக்கும்?"

"தனியா வச்சா எப்படிப் பிள்ளை வரும்?"

"நத்தைக்குள்ளேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. துணை கிடைச்சாச் சேரும். கிடைக்கலைன்னா தானே கருவுண்டாக்கிக்கும். இது இன்னும் பருவத்துக்கு வராத குட்டி, எதோடயும் சேர்ந்திருக்காது."

டீச்சருக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "அரிதா வர்றதால இது ஒடுங்கின குணம். ரெண்டு பங்கும் வலம்புரி. வெளியிலேர்ந்து வேற பங்கு வரவும் வழியில்லை. பிறக்கறது அத்தனையும் வலம்புரி."

"சந்தேகமே இல்லையா?"

"இல்லை."

"நல்லது. வளர்த்துக் காட்டுங்க. இதோட பேரப்பிள்ளைங்களைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் காளீஸ்வரி இங்கேயே இருக்கட்டும்."

"அதுக்கு ஆறு மாசம் ஆகுமேம்மா!"

"முனியசாமி புண்ணு என்ன, ஆறு நாள்ல ஆறிடப் போகுதா?"

அம்மை கடிதத்தை அலமாரித் தட்டில் விரித்தார். ஒரு கண்ணாடி ஜாடியில் ஊருணி நீரை ஊற்றி, நத்தையை அதில் விட்டு, ஜாடியைக் கடிதத்தின்மேல் வைத்தார்.

"இல்லேன்னா காத்துல பறந்துடும்," என்றார்.

அன்று மாலை காளீஸ்வரி யாரிடமும் சொல்லாமல் முனியசாமியின் குடிசைக்கு நடந்து போனாள். வாசலில் நின்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாம். மறுநாள் முனியசாமி வந்தார். லாரிகளில் மூட்டை ஏற்றும் மருமகன் கருப்பையா அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தான். நாள்தோறும் அவ்வளவு தூரம் வர முடியாது என்றான் அவன்.

"அப்போ நீரே கத்துக்கிடும். வீட்டுல வச்சுக் கழுவலாம்," என்றாள் காளீஸ்வரி.

"எனக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும், அக்கா."

"மூட்டையைத் தூக்கத் தெரிஞ்சவருக்கு மாமனார் காலைத் தூக்கத் தெரியாதோ? உக்காரும்."

டீச்சர் அதைக் கேட்டார். கடிதத்தை நினைத்துக்கொண்டார்.

நத்தை வளர்ந்தது. மாசி முடிவதற்குள் ஜாடியின் சுவரில் பிசின் துளியைப் போல ஒரு பொதி ஒட்டியிருந்தது. அதற்குள் ஊசிமுனையளவு முட்டைகள். பதினைந்து நாளில் அவை பொரிந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருந்த கைலென்சை எடுத்துக்கொண்டு டீச்சர் வெயிலில் உட்கார்ந்தார்.

முதல் குஞ்சு இடம்புரி. இரண்டாவதும் இடம்புரி. நாற்பத்தேழு குஞ்சுகள் இருந்தன. நாற்பத்தேழும் இடம்புரி.

மறுநாள் மறுபடி எண்ணினார். பிறகு காளீஸ்வரியைக் கூப்பிட்டார். "ஜாடியில இருந்த நத்தையை மாத்தினியா?"

"மாத்தித் தின்ன நான் என்ன கொக்கா, டீச்சர்?"

தாய் நத்தை அங்கேதான் இருந்தது; வலம்புரியாகவே இருந்தது. டீச்சர் அம்மையிடம் போனார்.

"இப்படி வரவே முடியாதும்மா."

"வந்திருக்கே."

"ஒண்ணு கூட வலம்புரி இல்லை. பாதி வந்திருந்தாலும் ஏதாவது காரணம் சொல்லலாம். ஒண்ணு கூட இல்லை!"

"அதுங்ககிட்ட கோவிச்சுக்காதீங்க. அதுங்க உங்க புத்தகத்தைப் படிக்கலை."

"இனி இதை வச்சு என்ன செய்யறது? ஊருணியிலேயே விட்டுடவா?"

"பேரப்பிள்ளைங்கன்னு சொன்னேன்."

டீச்சர் கைக்கு வந்தபடி பன்னிரண்டு குஞ்சுகளை எடுத்து, பன்னிரண்டு ஜாடிகளில் ஒவ்வொன்றாக விட்டார். மற்றவற்றை ஊருணியில் சேர்த்தார். ஜாடிகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் ஒட்டினார். எண் இல்லாவிட்டால் எது எதென்று சொல்ல முடியாது. பன்னிரண்டும் ஒரே நிறம், ஒரே திருகு.

புண் கழுவி முடித்தபின் ஜாடிகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். கீரை போட வேண்டும். சித்திரை வெயிலில் அது டீச்சருக்குச் சலித்தது. ஒரு நண்பகலில் காளீஸ்வரியிடம், "இதுகளைக் கொட்டிடு. எல்லாம் ஒரே மாதிரிதான். இதுல பார்க்க ஒண்ணுமில்லை," என்றார்.

காளீஸ்வரி கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கொட்டுறதுன்னா நீங்களே கொட்டுங்க. கீரை போட்ட கையால எனக்கு ஆகாது."

டீச்சர் புன்னகைத்தார். கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். ஜாடிகள் அப்படியே இருந்தன.

ஆனி மாதத்தில் எல்லா ஜாடிகளிலும் பொதிகள் தோன்றின. பொரிந்த நாளன்று டீச்சர் எண் வரிசைப்படி பார்க்கத் தொடங்கினார். முதல் ஜாடியில் அனைத்தும் இடம்புரி. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.

நான்காவது ஜாடியில் லென்சை வைத்தவர் கையை எடுத்தார். லென்சைத் துடைத்து மறுபடி வைத்தார்.

வலம்புரி. அதன் பக்கத்தில் இருந்ததும் வலம்புரி. நீர் மட்டத்தில் ஒட்டியிருந்தது, அடியில் ஊர்ந்தது, கீரைக் காம்பில் தொங்கியது, எல்லாமே வலம்புரி. ஐம்பத்தொரு குஞ்சுகள். ஆயிரத்துக்கு ஒன்று கிடைப்பதே அரிது என்றிருந்த ஓடு, ஒரே ஜாடியில் ஐம்பத்தொன்று. அவற்றைப் பெற்ற தாயோ ஊருணியின் எந்த நத்தையையும் போன்ற ஓர் இடம்புரி. அது கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

ஏழாவது ஜாடியும் அப்படி இருந்தது. பதினோராவதும் அப்படி இருந்தது. மற்ற ஒன்பதிலும் ஒரு வலம்புரி கூட இல்லை.

ஒன்பதுக்கு மூன்று. அதாவது மூன்றுக்கு ஒன்று.

டீச்சர் அதைத் தரையில் விரலால் எழுதிப் பார்த்தார். ஓங்கினது மூன்று, ஒடுங்கினது ஒன்று என்று இருபத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய மெண்டலின் எண் அது. பிள்ளைகளிடம் தேடியபோது கிடைக்கவில்லை. அவை பெற்ற பிள்ளைகளிடம் வந்து நின்றது.

அன்று அவர் தம் பெட்டியைத் திறந்து பழைய பாடநூல்களைப் புரட்டினார். பாடத்திட்டத்தில் இல்லை என்று நடத்தாமல் விட்ட ஒரு பக்கத்தை முதன்முறையாகப் பொறுமையாகப் படித்தார். மறுநாள் புண் கழுவல் முடிந்ததும் அம்மையிடம் போனார். அம்மை கத்தரியும் கையுமாக இருந்தார்.

"அம்மா, கணக்கு பொய் சொல்லலை. ஒரு தலைமுறை தாமதமா வந்திருக்கு."

"சொல்லுங்க."

"ஒரு நத்தையோட திருகு அதோட சொந்தப் பங்கால வர்றதில்லை. அதோட தாய்கிட்ட இருந்த பங்கால வருது. முட்டை ரெண்டாகி, நாலாகி, எட்டாப் பிரியறதுக்குள்ள எந்தப் பக்கம் திருகணும்னு முடிவாயிடுது. குஞ்சோட மரபணு அப்போ வாயே திறக்கலை. தாய் முட்டைக்குள்ள வச்சு அனுப்பினது எதுவோ, அதுதான் பேசுது."

"அப்போ குஞ்சுக்குன்னு ஒண்ணும் கிடையாதா?"

"உண்டு. முழுசா உண்டு. ஆனா அதோட உடம்புல தெரியாது. அது பெத்த பிள்ளைங்க உடம்புலதான் தெரியும். நீங்க குடுத்த வலம்புரிக்குள்ள ஒரு இடம்புரிப் பங்கு ஓங்கி நின்னிருக்கு. அதோட ஓட்டைப் பார்த்து யாராலயும் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பன்னிரண்டுல மூணுக்குள்ள வலம்புரி மட்டுமே இருந்திருக்கு. அதையும் யாராலயும் சொல்லியிருக்க முடியாது." டீச்சர் தம் விரல் நுனியைக் காட்டினார். "ஊசிமுனை அளவு முட்டைம்மா! அதுக்குள்ள இவ்வளவு அடக்கம்! நான் அதுங்களைக் கொட்டச் சொன்னேன்."

"நல்லவேளை, கொட்ட ஆள் கிடைக்கலை," என்றார் அம்மை.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"முப்பது வருஷமா ஊருணியைப் பார்க்கிறேன். வலம்புரிக்கு இடம்புரி பிறக்கும், இடம்புரிக்கு வலம்புரி பிறக்கும். அவ்வளவுதான் தெரியும். நான் எடுத்த நத்தைக்கு வலம்புரியாவே பிறந்திருந்தா, வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அம்மா, என் பொறுமையை எல்லாரும் மெச்சிக்கறாங்க."

"மெச்சத்தான் வேணும்."

"இங்கே வர்றதுக்கு முன்னால எனக்கு அது கிடையாது. வகுப்புல என் நிழலைப் பார்த்தாலே பிள்ளைங்க நடுங்கும். இந்தப் பொறுமை யாரோடது?"

"என்னோடது," என்றார் அம்மை. "பத்திரமா வச்சுக்குங்க. என் நாக்குக்கு அது எட்டவே இல்லை."

"அப்போ என்னோடது, அந்தக் கோபம், எங்கே இருக்கு?"

அம்மை கத்தரியின் முனையைப் பின்கட்டுப் பக்கம் நீட்டினார். அங்கே காளீஸ்வரி யாரையோ வைதுகொண்டிருந்தாள்.

டீச்சர் தம் கைகளைப் பார்த்தார். மூன்று ஆண்டுகள், காலைதோறும், அந்தக் கைகள் துணியைப் பிழிவதை அருகில் நின்று பார்த்தவள் காளீஸ்வரி.

டீச்சர் நிமிர்ந்து கேட்டார்: "காளீஸ்வரியோடது?"

"அவகிட்ட என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாருங்க."

டீச்சர் பின்கட்டுக்குப் போனார்.

வீட்டிலேயே கழுவிக்கொண்டு, மாதம் ஒருமுறை காட்ட வந்துபோகும் முனியசாமி பெஞ்சில் சாய்ந்திருந்தார். தரையில் கருப்பையா உட்கார்ந்திருந்தான். மாமனாரின் கால் அவன் மடியில் இருந்தது. பனைமரத்தின் அடியைப் போலச் சொரசொரத்த கைகள். வெந்நீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தான். ஆற வைத்தான். மறுபடி விட்டுப் பார்த்தான். பிறகுதான் புண்ணின் ஓரத்தில், குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல, சிறிது சிறிதாக ஊற்றினான்.

காளீஸ்வரி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். "விரல் இடுக்கை விட்டுட்டீரு பாரும். அது காலுய்யா, லாரி டயர் இல்லை."

"சரி அக்கா," என்றான் கருப்பையா. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே விலக்கி ஒற்றினான். அவன் அவசரப்படவில்லை. அவன் முகத்தில் புன்னகை இல்லை, கோபமும் இல்லை.

டீச்சர் முனியசாமியின் முகத்தைப் பார்த்தார். அவர் கண் மூடியிருந்தார். வலியில் மூடியதாக்கும் என்று டீச்சர் அருகே போனார்.

முனியசாமி உறங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கழுவியபோது இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் உறங்கியதில்லை.

அவர் திரும்பி வந்தார். அலமாரித் தட்டிலிருந்து தாய் நத்தையின் ஜாடியைத் தூக்கினார். அடியில் கடிதம் இருந்தது. நீர் கசிந்து அதில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. எழுத்துகள் அழியவில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே இருந்தது.

அம்மை கத்தரியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"குடுங்க டீச்சர். பேரப்பிள்ளைங்களைப் பார்த்தாச்சு. எங்கே கையெழுத்துப் போடணும்?"

டீச்சர் கடிதத்தை எடுக்கவில்லை. கையிலிருந்த ஜாடியைப் பார்த்தார். அதற்குள் அந்த வலம்புரி மெல்ல ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஜாடியை மறுபடியும் கடிதத்தின் மேலேயே வைக்கப் போனார்.

அம்மை பேனாவை மூடினார்.

"தண்ணி மாத்திட்டு வைங்க," என்றார்.